கீழே விழுந்த கிளையில் ஒரு சின்ன ஆர்க்கிட்: என்ன இனம், எங்கே வைப்பது?

சாரல்மழை (சனி, மாலை 6:20)

வணக்கம். வால்பாறைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன். நேற்று ராத்திரி அடித்த காற்றில் நிழல் மரம் ஒன்றின் கிளை முறிந்து பாதையில் கிடந்தது. கிளை முழுக்கப் பாசி, நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு செடி. இலைகள் இரண்டு பக்கமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பின்னிய சடை மாதிரி தட்டையாக இருக்கின்றன. நுனியிலிருந்து மெல்லிய காம்பு ஒன்று கீழ்நோக்கித் தொங்குகிறது. காம்பு முழுக்கப் புள்ளி புள்ளியாக ஏதோ இருக்கிறது, கிட்டே வைத்துப் பார்த்தால் அத்தனையும் பூ! மூன்று படம் போட்டிருக்கிறேன்.

கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவர் இது புல்லுருவி, மரத்தைக் கொன்றுவிடும், அடுப்பில் போடு என்கிறார். எனக்கோ கோவையில் இருக்கும் அக்கா வீட்டு மாடிக்குக் கொண்டுபோகலாமா என்று ஒரு ஆசை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரயிலடி ராஜா (சனி, மாலை 6:48)

புல்லுருவியேதான். எங்கள் ஊர் மாமரத்தில் வந்து பாதி மரம் பட்டுப்போனது. யோசிக்காமல் வெட்டி எறியுங்கள்.

தாவரவியல் வாத்தியார் (சனி, இரவு 8:05)

ராஜா சார், அவசரப்படாதீர்கள். உங்கள் மாமரத்தில் வந்தது லொராந்தஸ் என்ற நிஜப் புல்லுருவி வகையாக இருக்கலாம். அதன் விதை பசையோடு இருக்கும். பழத்தைத் தின்கிற சின்னப் பறவைகள் கொண்டுவந்து கிளையில் ஒட்டிவிடும். முளைத்ததும் உறிஞ்சு வேரைக் கிளைக்குள் இறக்கி, மரத்தின் நீரையும் உப்பையும் எடுத்துக்கொள்ளும். வெட்டிப் பார்த்தால் செடியும் மரமும் ஒன்றாகிப்போன மாதிரி முண்டு தெரியும்.

படத்தில் இருப்பது ஆர்க்கிட். இதன் வேர் பட்டைக்குள் நுழையாது, மேலாகப் படர்ந்து பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். பிளஸ் டூ விலங்கியலைப் பிடித்துக்கொண்டு தாவரவியலை மறந்தவர்களுக்கும் வாண்டா என்ற ஆர்க்கிட்டின் வேர்க் குறுக்குவெட்டுப் படம் கொஞ்சம் ஞாபகம் இருக்கும்: வெளியே வெலாமன் என்ற பஞ்சு மாதிரியான அடுக்கு. அது இறந்த செல்களால் ஆனது. காய்ந்திருக்கும்போது உள்ளே காற்று நிறைந்து வேர் வெள்ளையாகத் தெரியும். மழைத்துளி பட்ட சில நொடிகளில் நீரை இழுத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரியும். சாரல்மழை, உங்கள் செடியின் வேர் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், அங்கேயே தெரிந்துவிடும்.

மழையில் கரைந்து வருகிற தூசு, மக்கிய இலை, பாசியில் தங்கும் ஈரம், இவைதான் இதன் சாப்பாடு. மரத்திடமிருந்து வாங்குவது இடம் மட்டும்.

ரயிலடி ராஜா (சனி, இரவு 8:20)

சரி வாத்தியாரே, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கனத்தினால் கிளை முறியாதா? இப்போது முறிந்துதானே விழுந்திருக்கிறது?

தாவரவியல் வாத்தியார் (சனி, இரவு 8:31)

விரல் நீளச் செடியின் கனத்தில் கிளை முறியாது. பெரிய மரங்களில் பாசி, பெரணி, ஆர்க்கிட் எல்லாம் சேர்ந்து, மழைத் தண்ணீரும் ஏறினால் கனம் கூடும் என்பது உண்மைதான். இந்தப் படத்தில் முறிந்த இடத்தைப் பாருங்கள், நடுவில் உளுத்துப்போயிருக்கிறது.

குறிஞ்சி (சனி, இரவு 10:10)

இது ஒபெரோனியா. பேரினம் (நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதி) வரைக்கும் சந்தேகமே வேண்டாம். அந்தத் தட்டை இலையும் தொங்கும் பூக்காம்பும் போதும்.

ஆர்க்கிட் என்றாலே கடையில் கண்ணாடித் தாளில் சுற்றிய பெரிய ஊதாப் பூதான் நம் மனதில் வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரங்களில் இருப்பவற்றில் கணிசமானவை இப்படிக் கண்ணுக்குத் தப்புகிற அளவில்தான் இருக்கும். ஒபெரோனியாவின் ஒரு பூ பெரும்பாலும் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். அதற்குள்ளேயே 3 புல்லி, 2 அல்லி, உதடு என்று நாம் சொல்கிற மூன்றாவது அல்லி, மகரந்தமும் சூல்முடியும் சேர்ந்த தூண், எல்லாம் பெரிய ஆர்க்கிட்டில் இருக்கும் அதே கணக்கில் இருக்கும்.

இனப் பெயர்தான் தலைவலி. நம் மலைகளில் ஒபெரோனியா புரூனோனியானா, வெர்டிசில்லாட்டா, வைட்டியானா, சாந்தாபாவி என்று பல இனங்கள் இருக்கின்றன. இலையை மட்டும் பார்த்துப் பெயர் சொல்பவர்களை நம்பாதீர்கள். உதட்டின் வடிவம், அதன் ஓரம் வழுவழுப்பா பல்பல்லாகவா, நுனி எப்படிப் பிளந்திருக்கிறது, இவற்றைப் பார்த்தாக வேண்டும். செல்போனில் மாட்டுகிற மேக்ரோ லென்ஸ் இருந்தால் ஒரே ஒரு பூவை நேர் எதிரே வைத்து எடுங்கள். பின்னால் கறுப்புத் துணி. பக்கத்தில் அளவுகோல் கட்டாயம்.

மாடித்தோட்டம் கோவை (ஞாயிறு, காலை 7:15)

அருமையான செடி. தாராளமாகக் கொண்டுவாருங்கள். தென்னை மட்டைத் துண்டில் கொஞ்சம் பாசி வைத்துக் கட்டி, நிழல்வலைக்குக் கீழே தொங்கவிட்டு, காலை மாலை ஸ்ப்ரே செய்தால் போதும். என்னிடம் வாண்டா, டென்ட்ரோபியம் எல்லாம் நன்றாகப் பூக்கின்றன. எப்படியும் விழுந்த கிளைதானே, விட்டால் அங்கேயே மக்கிப் போகப்போகிறது.

கவாத்துக்கத்தி (ஞாயிறு, காலை 8:02)

அண்ணா, உங்கள் வாண்டாவும் டென்ட்ரோபியமும் நர்சரிச் செடிகள், வெயிலுக்குப் பழகியவை. இது வேறு. வால்பாறை கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரம், வருடத்தில் பாதி நாள் மழையும் மூடுபனியும். கோவையில் ஏப்ரல் மாதம் மொட்டை மாடியில் நிற்க நமக்கே முடியவில்லை.

நான் எஸ்டேட்டில் வளர்ந்தவன், இந்த மாதிரி மலையிறங்கிப் போன செடிகள் எத்தனையோ பார்த்துவிட்டேன். முதல் மழைக்காலம் பச்சையாக இருக்கும். மார்ச் வந்தால் இலை நுனி கருகும். அப்புறம் வெறும் குச்சிதான்.

குறிஞ்சி (ஞாயிறு, காலை 9:30)

கவாத்துக்கத்தி சொல்வதற்குச் செடியின் உடலிலேயே காரணம் இருக்கிறது. டென்ட்ரோபியத்துக்குத் தண்டு தடித்திருக்கும், தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பல்போபில்லத்துக்கு அடியில் குமிழ் உண்டு. ஒபெரோனியாவுக்கு அந்தக் குமிழ் கிடையாது. கையிருப்பு என்றால் அந்தச் சதைப்பற்றான இலைக்குள் இருப்பதுதான். காற்றில் ஈரம் குறையக் குறைய அதுவும் வற்றும். வேரில் இரண்டு வேளை தண்ணீர் அடிப்பதும் நாள் முழுக்கக் காற்றே ஈரமாக இருப்பதும் ஒன்றல்ல.

மாடித்தோட்டம் கோவை (ஞாயிறு, காலை 9:52)

மேடம், மரியாதையோடு மறுக்கிறேன். காட்டில்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டே இருக்க, காடு குறைந்துகொண்டே வருகிறது. மனிதன் எடுத்து வளர்த்ததால் பிழைத்த செடிகள் இல்லையா? வயநாட்டில் பெரியா என்ற ஊரில் குருகுலத் தாவரச் சரணாலயம் இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து வந்த வொல்ஃப்காங் தியூயர்காஃப் 1981-ல் தொடங்கியது. அழிந்துகொண்டிருந்த காடுகளிலிருந்து பெரணி, ஆர்க்கிட், காசித்தும்பை வகைகளைக் கொண்டுவந்து காப்பாற்றினார்கள். அவர் செய்தால் தொண்டு, நாங்கள் செய்தால் திருட்டா?

குறிஞ்சி (ஞாயிறு, காலை 10:40)

நியாயமான கேள்வி. பெரியாவில் செய்ததை மறுபடி பாருங்கள். மழைக்காட்டுச் செடியை மழைக்காட்டு ஓரத்திலேயே, அதே மழையில், அதே மரங்களில் வைத்தார்கள். வருடக்கணக்காக ஆட்கள் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறார்கள். அதை மொட்டை மாடி நிழல்வலையோடு சேர்த்துப் பேச முடியாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அகத்தியமலையில் பாபியோபெடிலம் டுருரி என்று ஓர் ஆர்க்கிட், மரத்தில் அல்ல, தரையில் வளர்வது. தென்னிந்தியாவின் ஒரே செருப்பு ஆர்க்கிட், அதாவது பூவின் உதடு செருப்பின் முன்பக்கம் மாதிரி இருக்கும் வகை. 1865-ல் கர்னல் டுருரி கண்டெடுத்தார். அதன் பிறகு வெகுகாலம் யார் கண்ணிலும் படவில்லை. 1972-ல் மறுபடி கிடைத்தது. கிடைத்த செய்தி பரவியதும் சேகரிப்பவர்கள் மலையேறி அள்ளினார்கள். இன்று உலகின் பல கண்ணாடி வீடுகளில் அது பூக்கிறது, சொந்த மலையில் மிக அருகிய இனம். எடுத்துப்போய் வளர்த்ததால் பிழைத்தது என்று இதைச் சொல்வீர்களா, எடுத்துப்போனதால் அழிந்தது என்று சொல்வீர்களா? எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது.

மாடித்தோட்டம் கோவை (ஞாயிறு, காலை 11:05)

அது வியாபாரிகள் செய்தது. இங்கே பேச்சு ஒரு முறிந்த கிளையைப் பற்றி. முறிந்த கிளையை எடுப்பதால் எந்த மலையும் காலியாகாது. அதில் நான் மாறவில்லை. கோவை வெயில் பற்றிச் சொன்னீர்களே, அதை யோசிக்கிறேன்.

ஏரிக்கரை (ஞாயிறு, மதியம் 1:18)

சட்டம் என்ன சொல்கிறது என்று யாருமே பேசவில்லையே? அரசு அலுவலகத்தில் இருப்பவன் என்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

வால்பாறை எஸ்டேட்டுகளைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். காப்புக் காட்டுக்குள்ளிருந்து எதை எடுத்தாலும் 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் பாயும். சரணாலயத்துக்குள் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும், விழுந்த கிளை என்ற சமாதானம் அங்கே செல்லாது. எஸ்டேட் தனியார் நிலம், அங்கே நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். கேட்டாலும் சோதனைச் சாவடியில் பையைத் திறந்தால் இது எங்கிருந்து வந்தது என்று நிரூபிக்கும் வேலை உங்களுடையது. வெளிநாடு அனுப்புவதை நினைக்கவே வேண்டாம். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது.

சாரல்மழை (ஞாயிறு, மாலை 4:45)

இவ்வளவு பேர் பதில் போடுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நன்றி. பாதை எஸ்டேட்டுக்குள்தான், காட்டுக்குள் அல்ல.

வேரில் தண்ணீர் விட்டேன் வாத்தியாரே, சொன்ன மாதிரியே பச்சையானது. அடுப்பு அண்ணனையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார், ஆனால் போகும்போது இன்னொரு தரம் தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

லென்ஸ் வாங்கக் கடை இங்கே இல்லை. பழைய டிவிடி பிளேயரிலிருந்து கழற்றிய சின்ன லென்ஸை டேப் போட்டு போனில் ஒட்டி எடுத்தேன். பூ ஆரஞ்சும் பழுப்பும் கலந்த நிறம். ஒரு கேள்வி: இவ்வளவு பூ பூக்கிறதே, விதையைத் தூவி வளர்க்க முடியாதா?

குறிஞ்சி (ஞாயிறு, மாலை 6:30)

டிவிடி லென்ஸ் அபாரம். உதடு தெரிகிறது, ஆனால் கொஞ்சம் மேலேயிருந்து எடுத்திருப்பதால் நுனிப் பிளவு சரியாகப் பிடிபடவில்லை. ஒரே படத்தை வைத்து இனப் பெயர் ஒட்ட மாட்டேன். அடியிலிருந்து ஒன்று எடுத்துப் போடுங்கள்.

விதைக் கதை பெரியது. ஆர்க்கிட் காய் வெடித்தால் வெளியே வருவது தூள். ஒரு காயில் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் லட்சக்கணக்கில் விதைகள். காற்றில் எங்கே வேண்டுமானாலும் போகும். ஆனால் நெல்லிலோ அவரையிலோ இருப்பது போல முளைக்கும் குழந்தைக்கு வைத்திருக்கும் சாப்பாடு இந்த விதைக்குள் இல்லை. மரப்பட்டையில் ஏற்ற பூஞ்சை இருந்து, அது விதைக்குள் நுழைந்து உணவு கொடுத்தால்தான் முளைக்கும். பிரெஞ்சுக்காரர் நோயல் பெர்னார்ட் 1899-ல் இதைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் ஐரோப்பாவில் பணக்காரத் தோட்டக்காரர்கள் விதையை விதைத்து விதைத்து ஏமாந்துகொண்டிருந்தார்கள். பிறகு 1922-ல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன் பூஞ்சை இல்லாமலே, சர்க்கரை கலந்த அகார் என்ற கூழ் ஊடகத்தில் முளைக்கவைத்துக் காட்டினார். இன்று கடையில் கிடைக்கிற ஆர்க்கிட்டுகள் கிருமி நீக்கிய கண்ணாடிக் குடுவையிலிருந்து வருவதற்கு அடித்தளம் அதுதான்.

மரத்தில் ஒரு செடி பூக்கும் அளவுக்கு வந்திருக்கிறது என்றால், அந்தப் பட்டையில் பூஞ்சை இருந்தது, பாசி இருந்தது, நிழல் சரியாக இருந்தது, இத்தனையும் சேர்ந்தே வந்திருக்கின்றன. அதனால்தான் செடியை மட்டும் பிய்த்து எடுக்காதீர்கள் என்று கெஞ்சுகிறோம்.

தாவரவியல் வாத்தியார் (ஞாயிறு, இரவு 8:15)

இதைப் படித்ததும் ஒரு பழைய கதை. கோவைக்கும் ஒபெரோனியாவுக்கும் தொடர்பு உண்டு. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர், 1842-லிருந்து கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிடும் சோதனையைக் கவனித்தார். பருத்தி பெரிதாக வெற்றி பெறவில்லை. ஆனால் 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படத் தொகுப்பில் 2,101 படங்கள், நிறைய ஆர்க்கிட்டுகள். சென்னையிலேயே கல்லச்சில் அச்சானவை. வரைந்தவர்கள் முதலில் ரங்கையா, பிறகு கோவிந்து. 2 மில்லிமீட்டர் பூவைப் பிரித்து, உறுப்பு உறுப்பாகப் பெரிதாக்கி வரைந்திருப்பதைப் பார்த்தால், நம் டிவிடி லென்ஸை நினைத்து வெட்கமாக இருக்கிறது (சாரல்மழை கோபித்துக்கொள்ள வேண்டாம்).

வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரை வைத்தார், கோவிந்தூயா என்று. பின்னால் வந்தவர்கள் அதை டிராபிடியா என்ற பேரினத்தோடு சேர்த்துவிட்டதால் இப்போது அந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. அதே காலத்தில் காட்டன் என்ற ராணுவப் பொறியாளர் பெயரில் வைத்த காட்டோனியா மட்டும் இன்றும் நிற்கிறது. வகைப்பாட்டு விதிப்படி சரிதான், எனக்கு வருத்தம் வருத்தம்தான்.

புதுமுகம் (ஞாயிறு, இரவு 9:40)

குறுக்கே வருகிறேன். போன மழையில் டாப்ஸ்லிப் பக்கம் ஒரு மரத்தில் இலையே இல்லாமல் வெறும் வேர் மட்டும் நட்சத்திரமாகப் படர்ந்திருந்ததைப் பார்த்தேன். அது செத்த ஆர்க்கிட்டா?

குறிஞ்சி (ஞாயிறு, இரவு 10:02)

வேர் பச்சையாக இருந்தால் உயிரோடுதான் இருக்கிறது. டீனியோபில்லம், கைலோஸ்கிஸ்டா என்று இலை இல்லாத ஆர்க்கிட்டுகள் நம் பக்கமும் இலங்கையிலும் உண்டு. இலையின் வேலையை வேரே செய்துகொள்கிறது. படம் இருந்தால் தனி இழை தொடங்குங்கள், இங்கே ஒபெரோனியா ஓடட்டும்.

கவாத்துக்கத்தி (திங்கள், காலை 6:50)

சாரல்மழை தம்பி, பேச்சு நீண்டுகொண்டே போகிறது, செடி தரையில் கிடக்கிறது. இன்றைக்கே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

செடியைப் பட்டையிலிருந்து பிய்க்காதே. செடிக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் விட்டு ரம்பத்தால் கிளையை அறுத்துக்கொள். பாசி அப்படியே இருக்கட்டும். பக்கத்திலேயே பாசி பிடித்த நாட்டு மரமாகப் பார். எங்கள் பக்கம் சில்வர் ஓக்கில் இவை குறைவாகத்தான் தெரிகின்றன. பலா, நாவல் வகை, அத்தி ஏதாவது இருந்தால் நல்லது. கொய்யா மாதிரி பட்டை உரிகிற மரம் வேண்டவே வேண்டாம்.

துண்டுக் கிளை ஒன்றிரண்டு மழையில் உளுத்துவிடும். அதற்குள் வேர் புது மரத்துக்குத் தாவ வேண்டும். அதனால் வேர் ஓடும் பக்கம் உயிருள்ள பட்டையோடு ஒட்டி இருக்கும்படி கட்டு. முன்பு எந்தப் பக்கமாகத் தொங்கியதோ அதே மாதிரி தொங்கட்டும். கட்டுவதற்கு வாழைநார் அல்லது தேங்காய்நார்க் கயிறு. கம்பி வேண்டாம், பசை வேண்டாம், உரம் வேண்டவே வேண்டாம். காலை வெயில் இலை வழியாகச் சிதறி விழுகிற இடம் சரி. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வறட்சி, அப்போது உச்சி வெயில் படக்கூடாது.

மாடித்தோட்டம் கோவை (திங்கள், காலை 8:25)

இதற்கு என் ஆதரவு உண்டு. ஒரு சின்னத் திருத்தம்: துண்டுக் கிளைக்கும் மரத்துக்கும் நடுவில் உள்ள சந்தில் கொஞ்சம் பாசி அடையுங்கள், வேர் தாவும் வரை ஈரம் நிற்கும். கீழே கிடக்கும் பாசியே போதும், வேறு மரத்தில் சுரண்ட வேண்டாம்.

ஒபெரோனியாவைப் பக்கத்தில் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு மையத்தின் தேசிய ஆர்க்கிட் பூங்காவுக்குப் போகலாம். நம் மலை ஆர்க்கிட்டுகளை உயிரோடு வைத்திருக்கிறார்கள். பூ இருக்குமா என்பது பருவத்தைப் பொறுத்தது. வீட்டில் வளர்க்க ஆசை என்றால் குடுவையில் பிறந்த பலனோப்சிஸ் என்ற கடை ஆர்க்கிட்டை வாங்குங்கள், அதற்கு நான் உத்தரவாதம்.

மட்டுறுத்துநர் (திங்கள், காலை 9:00)

சாரல்மழை, உங்கள் முதல் படங்களில் இருப்பிடத் தகவல் பதிந்திருந்தது. நீக்கிவிட்டு மறுபடி ஏற்றியிருக்கிறேன். காட்டு ஆர்க்கிட் படம் போடுபவர்கள் அனைவரும் போனில் அந்த வசதியை அணைத்துவிட்டு எடுங்கள். எஸ்டேட் பெயர், வளைவு எண் எதையும் எழுத வேண்டாம். யாராவது தனிச்செய்தியில் இடம் கேட்டால் எனக்குத் தெரிவியுங்கள்.

சாரல்மழை (திங்கள், இரவு 7:10)

கட்டியாயிற்று. கிளை விழுந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பலா மரம், பாசி நன்றாக ஏறியிருக்கிறது. வாழைநாரால் இரண்டு இடத்தில் சுற்றினேன். மேஸ்திரியிடம் சொன்னேன், மழைக்கு முன் நடக்கும் நிழல் கவாத்தில் அந்தக் கிளையைத் தொடாமல் இருக்க அடிமரத்தில் சுண்ணாம்புக் குறி போட்டுவிட்டார். உதட்டை அடியிலிருந்து எடுத்த படம் இணைத்திருக்கிறேன். அக்காவுக்குப் படத்தை அனுப்பினேன், அவளுக்குப் பூ எது என்றே தெரியவில்லையாம்.

குறிஞ்சி (திங்கள், இரவு 9:25)

இந்தப் படம் நன்றாக வந்திருக்கிறது. புரூனோனியானா பக்கம் சாய்கிறேன். உறுதியாகச் சொல்ல, காய்ந்து விழுந்த ஒரு பூவை எடுத்து, சொட்டு வெந்நீரில் ஊறவைத்து, விரித்துப் படம் எடுத்துப் போடுங்கள். உயிருள்ள பூவைக் கிள்ள வேண்டாம். ஒரு தண்டு நுனியில் ஒரு தடவைதான் பூக்கும், அடுத்தது அடியிலிருந்து வரும் புதுத் தண்டில்தான். இருப்பது காயாகட்டும்.

கவாத்துக்கத்தி (திங்கள், இரவு 9:50)

தம்பி, படத்தில் வாழைநாரின் நுனி நீளமாகத் தொங்குகிறது. பலா மரம் வேறு. சிங்கவால் குரங்கு வந்தால் முதலில் அதைத்தான் பிடித்து இழுக்கும். நுனியை ஒட்ட நறுக்கிவிட்டு முடிச்சை மரத்தின் மறுபக்கம் தள்ளிவிடு. கைக்கு எட்டும் உயரம் என்றால் காட்டுமாடும் வந்து உரசும், இன்னும் ஒரு ஆள் உயரம் ஏற்றிக் கட்டு.

சாரல்மழை (திங்கள், இரவு 9:58)

குரங்கை யோசிக்கவே இல்லை அண்ணா. காலையில் ஏணியோடு போகிறேன்.